பதினஞ்சடி தள்ளி

அந்தப் பூட்டைத் தட்டிப் பிரயோசனமில்லீங்க தம்பி. சாவி எங்கிட்டத்தான் இருக்குது. வாங்க, வெயில்ல நிக்காதீங்க, உள்ளார வாங்க. ஊடு பார்க்கத்தானே வந்தீங்க? புரோக்கர் வரலீங்களா? அவன் வர மாட்டான். நாலஞ்சு பேரைக் கூட்டிட்டு வந்து அலுத்துட்டான். இப்பெல்லாம் வழி மட்டும் சொல்லி அனுப்பிர்றான்.

காட்டறேன், காட்டறேன். நல்ல ஊடுங்க. செவுத்துல ஒரு வெடிப்பு இல்லை. நானும் காளியண்ணனும் நின்னு வேலை வாங்கிக் கட்டுனது. ரெண்டு ஊட்டுக்கும் ஒரே கொத்தனார், ஒரே சூளைச் செங்கல். ஆனா நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுக் காட்டறேன். கேட்டைத் தொறக்கறப்பவே கேட்டீங்களே, தண்ணி எப்படின்னு. வர்றவங்க எல்லாம் அதைத்தான் கேக்கறாங்க. நானும் எல்லார்த்துக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லிர்றேன். மறைக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க.

எம்பேரு சென்னியப்பன். காங்கேயம் ரோட்டுல ஒரு துணி மில்லு இருந்துது, அதுல பாய்லர் பார்த்தேன். இருபத்தேழு வருசம். மில்லை மூடிப் பதினாறு வருசமாச்சு, அதனால பேரு வேண்டாம். பாய்லருக்குப் போற தண்ணி இருக்குது பாருங்க, அதுல சுண்ணாம்பு இருக்கவே கூடாது. இருந்தா குழாய்க்குள்ள ஓடு கட்டும், ஓடு கட்டுனா குழாய் வெடிக்கும். எங்க பக்கத்துத் தண்ணி பூராவும் சப்பத் தண்ணி. சோப்பு நொரைக்காது, தலை முடி சிக்குப் புடிக்கும், பாத்திரத்துல வெள்ளையாப் படியும். அதனால மில்லுல சாஃப்ட்னர் மெஷின் வெச்சிருந்தாங்க. அதைப் பார்த்துக்கிட்டது நான். இருபத்தேழு வருசத்துல எங்க பாய்லர் ஒரு நாள் வெடிச்சதில்லை. ஒரு நாள்!

மில்லை மூடறப்ப மேனேஜர் கூப்புட்டுக் கேட்டாரு, உனக்கு என்னப்பா வேணும்னு. எல்லாரும் மேசை, நாற்காலி, பீரோன்னு தூக்கிட்டுப் போனாங்க. நான் கெஸ்ட் ஹவுஸுல இருந்த சின்ன சாஃப்ட்னரைக் கேட்டேன். சிரிச்சாரு. எடுத்துட்டுப் போன்னாரு.

அதா, அந்த மூலைல நிக்குது பாருங்க. நீலக் கலர் உருளை, அதுதான். பக்கத்துல கறுப்புத் தொட்டி உப்புத் தொட்டி. அந்த உருளைக்குள்ள ரெசின்னு ஒண்ணு இருக்குது. கடுகு கணக்காக் குருணை குருணையா, தேன் நெறத்துல இருக்கும். தண்ணி அதுக்குள்ள போறப்ப சுண்ணாம்பை அந்தக் குருணை புடிச்சு வெச்சுக்கும். புடிச்சுப் புடிச்சு அதுக்கு வயிறு நெறைஞ்சிரும் பாருங்க, அப்ப உப்புத் தண்ணி விட்டுக் கழுவோணும். கழுவுனா சுண்ணாம்பைக் கக்கிட்டு மறுபடி புதுசாயிரும். அதைத்தான் ரீஜென்னு சொல்லுவோம். அவ்வளவுதான் சூட்சுமம்.

உங்களுக்கு இதெல்லாம் புரியறதால சொல்றேன். எங்க ஊட்டம்மாவுக்குப் புரியாது. அவளுக்குப் பருப்பு வெந்தாப் போதும்.

பருப்புன்னதும் ஞாபகம் வருது. ஊடு கட்டிக் குடி வந்த புதுசுல துளசிமணி அடுப்படில நின்னு அழுவா. துளசிமணிதான் எங்க ஊட்டம்மா. எட்டு விசில் விட்டாலும் பருப்பு கல்லு கல்லாக் கெடக்கும். நான் மெஷினை மாட்டுன அன்னைக்கு, ரெண்டே விசிலு. வெண்ணெய் கணக்காக் கொழைஞ்சிருச்சு. கரண்டில எடுத்துக்கிட்டு ஓடறா பக்கத்து ஊட்டுக்கு. "ஈஸ்வரியக்கா, இதைப் பாருங்க, இதைப் பாருங்க"ன்னு. ஈஸ்வரி காளியண்ணன் சம்சாரம். ரெண்டு பேரும் என் சோப்பு நொரையைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க பாருங்க, வாளில கையை விட்டு, புள்ளைங்க மாதிரி. நான் சந்தோசமா இருந்தேன்னா அன்னைக்குத்தானுங்க.

காளியண்ணன் யாருன்னு சொல்லலையே. மில்லுல பிளீச்சிங்ல, துணி வெளுக்கற எடத்துல இருந்தான். என்னைவிட ஒரு வயசு எளையவன். நாப்பது வருசப் பழக்கம். இந்த சைட்டு ரெண்டும் ஒரு தோட்டத்தை வெட்டிப் போட்டது. நடுவுல தோட்டத்துக் கெணறு. அறுபதடி, கல்லுக் கட்டடம். லேஅவுட் போட்டவன் மூடறேன்னான். நாந்தான் வேண்டாம்னேன். "காளி, நீ பக்கத்து சைட்டை எடு. கெணறு ஆளுக்குப் பாதி. தண்ணிக்குன்னு ஒருத்தன்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்"னு நான் சொல்லித்தான் வாங்குனான். மில்லுல குடுத்த பணம் பூராவும் அதுல போட்டான்.

அவனுக்கும் ஒரு லைன் இழுத்துக் குடுக்கறேன்னேன், மெஷின்ல இருந்து. வேண்டாம்னுட்டான். "எனக்குச் செடிக்கும் மாட்டுக்கும் இதே போதும்டா. செடி என்ன சோப்புப் போட்டா குளிக்குது?"ன்னான். ஊட்டுக்குப் பின்னால பத்து சென்ட் காலி எடம் இருக்குது பாருங்க, அதுல மல்லியும் சம்பங்கியும் வெச்சிருந்தாங்க. ஒரு மாடு. காத்தால ஈஸ்வரி பூப்பறிச்சுக் கூடைல எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு போயிருவா. பத்து மணிக்கு வெறுங்கூடையோட வந்துருவா. மேல வரைக்கும் மணக்குமுங்க. சாயங்காலம் நம்ம ஊட்டு மாடிப்படில உக்காந்தா, மணம் வந்து மூஞ்சில அடிக்கும்.

அப்ப ரீஜென் பதினஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான். கழுவுன தண்ணி ரோட்டோர வாய்க்கால்ல போயிட்டிருந்துது. அப்புறம் ரோட்டைக் காங்கிரீட் போட்டாங்க. போட்டவங்க வாய்க்காலை அடைச்சுட்டாங்க. வடிகால் பின்னால வரும்னாங்க. இன்னும் வருது. நான் என்ன பண்றது? தண்ணி ரோட்டுல நின்னா எதிர் ஊட்டுக்காரன் சண்டைக்கு வர்றான். சரின்னு பின்னால ஒரு குழி தோண்டுனேன். நாலடிக்கு நாலடி, ஆழம் ஆறடி. கீழ ஜல்லி, மேல ஒடைஞ்ச செங்கல். மழைத் தண்ணிக்குன்னு அரசாங்கத்துல தோண்டச் சொன்னாங்களே, அச்சு அசலா அதே மாதிரி. குழியை மத்தவங்க மாதிரி கெணத்தை ஒட்டி வெக்கலீங்க. பதினஞ்சடி தள்ளித்தான் வெச்சேன். டேப் புடிச்சு அளந்து வெச்சது.

ஒரு சொட்டுத் தண்ணி வீணாகறதில்லை பாருங்க. பூமில எடுத்ததைப் பூமிக்கே திருப்பிக் குடுத்துர்றேன். எத்தனை பேர் இப்படிப் பண்றாங்க? கழுவுற தண்ணில இருக்கற உப்பை மண்ணு வடிகட்டிக்கும். மணல்ல ஊத்துனா தண்ணி தெளியுதில்லீங்களா, அந்த மாதிரி.

அது ஆச்சு, பத்து வருசம்.

அப்புறம் மெஷினுக்கு வயசாயிருச்சு. மெஷின்னா வயசாகும், மனுசன் மாதிரிதானே. வால்வுல கசிவு. அந்த மாடலை இப்ப யாரும் பண்றதில்லையாம். நான் சைக்கிள் டியூப்பை வட்டமா வெட்டிப் போட்டேன், இன்னைக்கு வரைக்கும் நிக்குது. ரெசின் குருணை ஒடைஞ்சு பைப்புல வர ஆரம்பிச்சுது. குழாய் வாயில துணி கட்டிப் புடிச்சு, அலசி, திருப்பி உள்ள போட்டேன். வாரத்துக்கொருக்கா சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பேன். தண்ணில ஒரு பொடியைக் கலந்தா ஊதாச் சேப்பா வரும், மருந்து சொட்டுச் சொட்டா விட விட நீலமாகும். எத்தனை சொட்டுல நீலமாகுதோ அவ்வளவு சுண்ணாம்பு. ஒரு சொட்டுல நீலமாகிட்டிருந்தது ரெண்டாச்சு, மூணாச்சு. அதனால ரீஜென்னைப் பத்து நாளைக்கு ஒருக்கா ஆக்குனேன். அப்புறம் வாரத்துக்கு ஒருக்கா. அப்புறம் நாலு நாளைக்கு. உப்பும் கூடுச்சு. மூணு கிலோ போட்ட எடத்துல எட்டுக் கிலோ. நான் என் கடமைல ஒரு நாள் தப்புனதில்லை. காய்ச்சல்ல கெடந்தப்பக் கூட எந்திரிச்சு வந்து வால்வைத் திருப்பிட்டுப் போய்ப் படுத்திருக்கேன்.

ஆனா பாருங்க, எவ்வளவு கழுவுனாலும் தண்ணி மோசமாயிட்டே போகுது. அதுதான் எனக்குப் புரியலை. நான் கூடக் கழுவக் கழுவக் கெணறு அதுக்கு மேல கெடுது.

மொதல்ல சம்பங்கி போச்சு. எலை நுனில தீ வெச்ச மாதிரி கருகல். காளியண்ணன் வெயில்னு நெனைச்சான். நானும் வெயில்னுதான் சொன்னேன். அப்புறம் மல்லி மொட்டு வெக்கும், விரியறதுக்குள்ள உதுந்துரும். ஈஸ்வரி காத்தால கூடையை எடுத்துட்டுப் போய்ப் பாதிக் கூடைக்கும் கம்மியா வெச்சுக்கிட்டு நிப்பா. அப்புறம் ஒரு நாள் மாடு தொட்டில வாயை வெச்சு, தலையை ஒதறிட்டுத் திரும்பிக்கிச்சு. பக்கத்துத் தோட்டத்துல போய்த் தண்ணி எடுத்துட்டு வந்து வெச்சாங்க, மடக்மடக்குன்னு குடிக்குது. மாட்டுக்கு என்னங்க தெரியும்? வேற தொட்டி, வேற வாளி, அதனால குடிச்சிருக்கும்.

அப்பத்தான் காளியண்ணன் ஒரு சீட்டை எடுத்துக்கிட்டு வந்தான். நான் இதே எடத்துல உக்காந்து ரெசின் அலசிட்டிருந்தேன்.

"சென்னி, இதைப் பாரு."

"என்னடா?"

"கெணத்துத் தண்ணியைச் சோதனைக்குக் குடுத்திருந்தேன். உப்பு மூணு பங்கு ஏறியிருக்குதாம். சுண்ணாம்பில்லைடா, உப்பு. சோத்துக்குப் போடற உப்பு."

"அதுக்கு?"

"இந்தக் கெணத்தைச் சுத்தி உப்பு மூட்டை எறக்கறவன் நீ ஒருத்தன்தான்டா."

எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. எங்கிட்ட வந்து தண்ணியைப் பத்திச் சொல்றான். பிளீச்சிங்ல துணி அலசுனவன், பாய்லர் பார்த்தவன்கிட்ட.

"மில்லுல ஒரு நாளைக்கு எட்டு மூட்டை உப்புக் கரைச்சவன்டா நான். எந்தக் கெணறு கெட்டுது?"ன்னேன்.

"மில்லுக்குப் பின்னாடி எவனாவது கெணறு வெச்சிருந்தானா, போய்ப் பார்த்தியா நீ?"

"நான் பாய்லர் ரூமை விட்டு வெளிய போனதே இல்லை. ஷிப்டு முடியற வரைக்கும் பிரஷர் கேஜுலதான் கண்ணு இருக்கும். ஒன்னைய மாதிரி ஊர் சுத்துனவனில்லை."

அவன் அந்தச் சீட்டை நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டான். அப்புறம், "சரிடா, ஆறு மாசம் நிறுத்திப் பாரு. எனக்காக"ன்னான். ஆறு மாசம்! ஆறு மாசம் நிறுத்துனா மெஷின் என்னத்துக்காகும்? ரெசின் இறுகிக் கல்லாயிரும்.

துளசிமணியும் சேர்ந்துக்கிட்டா. "ஏனுங்க, அவங்க சொல்றதைக் கேட்டுத்தான் பாருங்களேன். பருப்பு வேகாட்டிப் போகுது, நான் ஊற வெச்சு வேக வெச்சுக்கறேன்." அவ வாயில இருந்து இந்த வார்த்தை. பருப்பு வேகலைன்னு அழுதவ.

நான் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவன். நிறுத்துனேன். ஒம்பது நாள் நிறுத்துனேன். தெனமும் கெணத்துத் தண்ணியை எடுத்துப் பார்த்தேன். மாறுச்சா? மாறலை. ஒரு இம்மி மாறலை. இந்தப் பக்கம் ஹீட்டர் ஓடு கட்டிப் போச்சு, துணி பலகையாட்டம் நிக்குது. பத்தாவது நாள் உப்பைக் கொட்டி வால்வைத் திருப்பிட்டேன். காளியண்ணன்கிட்டப் போய்ச் சொன்னேன், "பார்த்தாச்சு, எம்மேல தப்பில்லை"ன்னு. அவன் மாட்டைத் தேய்ச்சுட்டிருந்தான். திரும்பிக் கூடப் பார்க்கலை. "ஒம்பது நாளாடா?"ன்னு மட்டும் கேட்டான். அந்த மாட்டை மறு வாரம் வித்துட்டான்.

நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க. எங்க இருந்து இந்த உப்பு வருதுன்னு கண்டுபுடிக்கோணும்னு அலைஞ்சேன். மேக்கால ஒரு சாயப்பட்டறை இருந்துது. மூடி ரொம்ப வருசமாச்சு. மூடுனா என்ன, அவன் அன்னைக்கு விட்டது இன்னைக்கு வருதோ என்னமோ. மனுக் குடுத்தேன். மூணு தரம் குடுத்தேன். ஒரு அதிகாரி வந்தாரு. சின்ன வயசு. கெணத்தை எட்டிப் பார்த்தாரு, தண்ணியை பாட்டில்ல புடிச்சாரு. நானே கூட்டிட்டுப் போய் மெஷினு, குழி எல்லாம் காட்டுனேன், எப்படி ஒழுங்கா வெச்சிருக்கேன்னு. அவரு குழிகிட்ட நின்னு கெணத்தைப் பார்த்தாரு. கெணத்துகிட்ட நின்னு குழியைப் பார்த்தாரு. "எவ்வளவு வருசமாங்க?"ன்னாரு. சொன்னேன். என்னமோ எழுதிக்கிட்டாரு. "சரிங்கய்யா"ன்னுட்டுப் போனவருதான். அவங்கெல்லாம் அப்படித்தானுங்க, ஒரு நடவடிக்கையும் எடுக்க மாட்டாங்க.

ஒரு நாள் நாக்குல வெச்சுப் பார்த்தேன். மெஷின்ல இருந்து வர்ற தண்ணியை. கரிச்சுது. கழுவுனது பத்தலையாட்டம் இருக்குதுன்னு மறுபடி அலசுனேன், ஒரு மணி நேரம். மறுபடி நாக்குல வெச்சேன். கரிச்சுது. சரின்னு கெணத்துல வாளியைப் போட்டு எடுத்து அதை வெச்சுப் பார்த்தேன். அதுவும் கரிக்குது தம்பி. கடல் தண்ணியாட்டம். இங்கிருந்து கடல் எத்தனை தூரம் இருக்கும்? இருநூறு கிலோமீட்டர் இருக்குமில்லீங்களா? கெணத்து மேட்டுல உக்காந்துட்டேன் அன்னைக்கு. ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். என்ன நெனைச்சேன்னு இப்பக் கேட்டாச் சொல்லத் தெரியலை.

அப்புறம் போன ஐப்பசி. அதையும் சொல்லிர்றேன். அக்கம்பக்கத்துல வேற மாதிரிச் சொல்லுவாங்க. நான் அடிச்சேம்பாங்க. நான் அடிக்கலீங்க.

காத்தால கடைக்குப் போய் ஒரு மூட்டை உப்பு வாங்கி மொபெட்ல வெச்சுக்கிட்டு வர்றேன். மேகம் கறுத்துக்கிட்டு நிக்குது. வந்து பார்த்தா, காளியண்ணன் நம்ம காம்பவுண்டுக்குள்ள, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, மம்முட்டில மண்ணை வாரிக் குழிக்குள்ள தள்ளிட்டிருக்கறான். வேர்த்து ஊத்துது அவனுக்கு. மொபெட்டை அப்படியே போட்டுட்டு ஓடுனேன்.

"என்னடா பண்றே?"

"மழைக்கு முன்னாடி மூடிர்றேன்டா. இந்த வருச மழையாவது கெணத்தைக் கழுவட்டும். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், நானே மூடிர்றேன். நீ பார்த்துக்கிட்டு மட்டும் நில்லு, போதும்."

மம்முட்டியைப் புடிச்சேன். அவனும் விடலை. ரெண்டு பேருக்கும் அறுபதை ஒட்டுன வயசு. ரெண்டு கெழவனும் ஒரு மம்முட்டியை ஆளுக்கொரு பக்கம் இழுக்கறோம். யாராச்சும் பார்த்தாச் சிரிச்சிருப்பாங்க. ஓரத்து மண்ணு சறுக்குச்சு. அவன் குழிக்குள்ள விழுந்துட்டான். அதுக்குள்ளயே அவன் முக்கால்வாசி நெரப்பிட்டதால ஆழமில்லை, முழங்கால் வரைக்கும்தான். அடி கிடி படலை. ஆனா எந்திரிக்க மாட்டேங்கறான். அந்தச் சேத்துல உக்காந்துட்டான். பார்த்தா, அழுகறான். அவங்கப்பன் செத்தப்ப நான் கூட இருந்தேன், அப்பக் கூட அழுகாதவன். சத்தமில்லாம, வாயைத் தொறந்துக்கிட்டு.

நான் மம்முட்டியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

துளசிமணி அடுப்படில இருந்து வந்தா. கைல இரும்புச் சட்டி. என்னைப் பார்க்கவே இல்லை. குழியோரம் போய், "அண்ணா, நீங்க எந்திரிச்சு மேல வாங்க. நான் மண்ணுக் கொட்டோணும்"னா. அவன் கையைப் புடிச்சுத் தூக்கி விட்டா. அப்புறம் சட்டில மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டறா. குனிஞ்சு அள்ளறது, கொட்டறது, குனிஞ்சு அள்ளறது. இடுப்பு வலிக்காரி, ஒரு கொடம் தூக்க மாட்டா. மத்தியானம் வரைக்கும் கொட்டி, மேல ஏறி நின்னு காலால மிதிச்சு மட்டம் பண்ணிட்டு உள்ள போயிட்டா. நான் நின்ன எடத்துலயே நிக்கறேன்.

அன்னைக்குப் பொழுது சாயறப்ப மழை வந்துது. நல்ல மழை.

மறுநாக் காத்தால நான் தோண்டிட்டேன். பின்னே? மெஷினுக்கு ரீஜென் நாள் தாண்டியாச்சு. சுண்ணாம்பு ஏறுனா ரெசின் வீணாப் போயிரும்ல. இருபத்தேழு வருசம் ஒரு நாள் தப்பாமப் பார்த்தவன் நான். தோண்டறப்பத் துளசிமணி ஜன்னல்ல நின்னு பார்த்தா. ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனோ என்னமோ. அவ சொல்லலை, நான் நிறுத்தலை.

தை பொறந்ததும் காளியண்ணன் ஊட்டைக் காலி பண்ணிட்டான். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி கேட்டுல நிக்கறானாம், வாட்ச்மேனா. ஈஸ்வரி அதே கம்பெனில பிசிர் வெட்டறாளாம், நாளெல்லாம் உக்காந்து. போற அன்னைக்கு அவன் இந்தப் பக்கம் வரலை. வண்டில முன்னால ஏறி உக்காந்துக்கிட்டான். ஈஸ்வரி மட்டும் வந்தா. சாவியைத் துளசிமணி கைல குடுத்தா. ரெண்டு பேரும் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. எங்கிட்டத் திரும்பி, "வர்றனுங்ணா"ன்னா. நான் தலையை ஆட்டுனேன். அவ கை பூராவும் வெடிச்சுக் கெடந்துது, அப்பத்தான் பார்த்தேன். தண்ணிதான்.

துளசிமணி சித்திரைல போனா. வெள்ளகோவில்ல அவ தம்பி ஊட்டுக்கு. கோவிச்சுக்கிட்டெல்லாம் போகலீங்க. உடம்பெல்லாம் அரிப்பு. குளிச்சாலே எரியுதுன்னா. அங்க ஆத்துத் தண்ணி தெனமும் வருது. இங்க குடிக்கறதுக்கு மட்டும்தான் எட்டு நாளைக்கு ஒருக்கா விடறாங்க. உடம்பு சரியானதும் வந்துருவா. தண்ணி சரியானதும் வந்துருவா. போன் பண்ணுனா எடுக்கறா. "சாப்புட்டீங்களா"ன்னு கேப்பா. "ம்"முன்னு சொல்லுவேன். மெஷினைப் பத்திச் சொன்னா, "தம்பி கூப்புடறான், வெக்கறேன்"னு வெச்சுருவா.

அவ வர்றதுக்குள்ள தண்ணியை ஒரு வழிக்குக் கொண்டு வந்தரோணும்னுதான் இப்பத் தெனமும் கழுவறேன். சில நாள் ரெண்டு வேளை. ஆனா பாருங்க, மூணு மாசமாக் குழி தண்ணியே குடிக்க மாட்டேங்குது. அடியில மண்ணு வழவழன்னு களியாட்டம் ஆயிருச்சு. ஊத்துனது அப்படியே நிக்குது. கடப்பாரை போட்டுக் கிண்டியும் பார்த்துட்டேன். அதுதான் உங்களை உக்கார வெச்சு இத்தனையும் சொல்றேன் தம்பி. நீங்க அந்த ஊட்டை வாங்குனீங்கன்னா, எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணோணும். கெணத்துக்கு அந்தப் பக்கம், மல்லி இருந்த எடத்துல, ஒரு குழி தோண்டிக்கறேன். சின்னக் குழிதான். அங்கயும் பதினஞ்சடி தள்ளியே தோண்டறேன். பதிலுக்கு உங்களுக்கு ஒரு லைன் இழுத்து விட்டர்றேன். காளியண்ணன்கிட்டக் கேக்கலாம்னு மூணு தரம் போன் பண்ணுனேன். எடுக்கலை.

என்னுங்க? சத்தமாச் சொல்லுங்க, காது சித்த மந்தம்.

மூடிட்டா என்னன்னா கேக்கறீங்க?

எல்லாரும் வந்து இதையேதான் கேக்கறீங்க. மூடலாம். யாரு மூட முடியாதுன்னா? ஒரு மணி நேரத்து வேலை. மண்ணு பக்கத்துலயே கெடக்குது. எனக்கொருத்தனுக்கு என்ன பருப்பு, என்ன சோப்பு நொரை? நான் நெனைக்காத நெனப்பில்லீங்க. மம்முட்டியை எடுத்துட்டுக் குழிகிட்ட வரைக்கும் கூடப் போயிருக்கேன், ரெண்டு தரம்.

ஆனா நீங்களே சொல்லுங்க. நான் மூடிட்டேன்னு வெச்சுக்குங்க. மெஷினை நிறுத்திட்டேன். ஐப்பசில மழை பேயுது. அடுத்த வருசமும் பேயுது. கெணறு ஊறுது. ஒரு நாள் வாளியைப் போட்டு எடுத்து நாக்குல வெக்கறேன், கரிக்கலை. பழைய தண்ணி. மாடு குடிக்கற தண்ணி, மல்லி பூக்கற தண்ணி. அப்ப? அப்ப நான் என்ன பண்றது? திருப்பூருக்குப் போய் அந்தக் கம்பெனி கேட்டுல அவன் முன்னால நின்னு, காளி, கெணறு நல்லாயிருச்சுடான்னு சொல்றதா? அவ கையைப் பார்த்துக்கிட்டு என்ன சொல்றது நான்? வெள்ளகோவில்ல போய் என்ன சொல்றது?

அதனாலதான் சொல்றேன். அது இனி நல்லாகாதுங்க. சாயப்பட்டறைத் தண்ணி. மூடுனாலும் நல்லாகாது, தொறந்தாலும் நல்லாகாது. நல்லாகாது தம்பி.

நல்லாகக் கூடாதுங்க.